சென்னையில் உறைந்திருக்கும் கரு, நிந்தவூரில் காத்திருக்கும் வீடு: வெளிநாட்டு வாடகைத் தாய்முறை பற்றி அறிந்துகொள்ள வேண்டியவை

கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என எமது கரையோர ஊர்களிலிருந்து பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்காகக் கொழும்புக்கும் சென்னைக்கும் போய்வரும் தம்பதிகள் இருக்கிறார்கள். அவர்கள் அதை வெளியில் சொல்வதில்லை. வயற்காணியை ஈடு வைத்தோ, நகையை விற்றோ, மத்திய கிழக்கில் உழைத்த காசைச் சேர்த்தோ போகிறார்கள். திரும்பி வரும்போது சிலரது கையில் பிள்ளை இருக்கும். வேறு சிலரிடம் ஒரு பைல்கட்டும், வருடாவருடம் கட்ட வேண்டிய ஒரு கட்டணப் பற்றுச்சீட்டும் மட்டுமே மிஞ்சியிருக்கும். வைத்தியசாலையின் உறைகலனில் அவர்களது கருக்கள் பாதுகாக்கப்படுவதற்கான கட்டணம் அது.

அந்தக் கருக்களைச் சுமக்க மனைவியால் முடியாமற்போனால் என்ன செய்வது? பிரசவத்தின்போது ஏற்பட்ட இரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையை அகற்ற நேர்ந்திருக்கலாம். புற்றுநோய் வந்திருக்கலாம். இருதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பதால் இன்னொரு கர்ப்பம் உயிருக்கு ஆபத்து என வைத்தியர் சொல்லியிருக்கலாம். கரு இருக்கிறது, சுமக்க இடமில்லை. இந்த நிலையில்தான் 'வெளிநாட்டில் வாடகைத் தாய்' என்ற யோசனை, பெரும்பாலும் ஒரு முகவரின் வட்ஸ்அப் செய்தியாக, வீட்டுக்குள் வருகிறது.

முகவர் சொல்லும் கதை கருவில் ஆரம்பித்துப் பிள்ளையில் முடியும். சட்டம் கேட்கும் கேள்விகளோ பிள்ளை பிறந்த பிறகுதான் ஆரம்பிக்கின்றன. ஆகவே இந்த விடயத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உறைந்த கரு என்றால் என்ன?

எமது பாடப்புத்தகங்கள் 'முளையம்' என்று சொல்வதைத்தான் இங்கு கரு என்கிறோம். மனைவியின் சூலகத்திலிருந்து எடுத்த முட்டையும் கணவனின் விந்தும் ஆய்வுகூடத்தில் இணைக்கப்பட்டு, பெரும்பாலும் ஐந்து நாட்கள் வளர்க்கப்பட்ட கலத் தொகுதி அது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஒரு தடவையில் பல கருக்கள் உருவாகலாம். ஒன்றோ இரண்டோ கருப்பையில் வைக்கப்பட, மிகுதி மறை 196 பாகை செல்சியஸ் குளிரில் திரவ நைதரசனுக்குள் வைக்கப்படும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் ஆரம்பக் கதையில் எமது பிராந்தியத்துக்கும் பங்குண்டு. கொல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாய் உறையவைத்த கருவிலிருந்து 1978 ஒக்டோபர் 3ஆம் திகதி ஒரு பெண் குழந்தை பிறந்ததாக அறிவித்தார். உலகின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது பத்து வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவரை யாரும் நம்பவில்லை. விசாரணை, அவமானம், இடமாற்றம் என அலைக்கழிக்கப்பட்ட அவர் 1981இல் தற்கொலை செய்துகொண்டார். அங்கீகாரம் பல வருடங்களுக்குப் பின்னரே கிடைத்தது.

நீண்ட காலம் உறைந்திருப்பதால் மட்டும் கரு பழுதாகிவிடுவதில்லை. அமெரிக்காவில் 1994இல் உறையவைக்கப்பட்ட ஒரு கருவிலிருந்து 2025 ஜூலையில் குழந்தை பிறந்தது. வாய்ப்பைப் பெருமளவு தீர்மானிப்பது முட்டை எடுக்கப்பட்டபோது பெண்ணுக்கு இருந்த வயதுதான். 30 வயதில் உறையவைத்த கரு, அவர் 42 வயதில் இருக்கும்போதும் 30 வயதுக் கருவாகவே இருக்கும். ஆனாலும் எந்தக் கருவுக்கும் உத்தரவாதம் இல்லை. உருகும்போது சில அழியும். கருப்பையில் வைத்த பின்னும் பல தங்காமல் போகும். மூன்று கருக்கள் இருந்தால் மூன்று பிள்ளைகள் என்று கணக்குப் போடக் கூடாது.

சென்னையிலேயே செய்ய முடியாதா?

கரு சென்னையில் இருக்கிறது, அங்கேயே ஒரு வாடகைத் தாயைத் தேடலாமே என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஒரு காலத்தில் அது முடிந்தது. 2000களில் பணம் கொடுத்து வாடகைத் தாயை அமர்த்தும் வெளிநாட்டவருக்கு இந்தியா உலகின் பிரதான சந்தைகளில் ஒன்றாக இருந்தது. இன்று இலங்கையருக்கு அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது.

2015 நவம்பரில் இந்திய அரசு வெளிநாட்டவருக்கான வாடகைத் தாய் சேவையை நிறுத்தியது. பின்னர் வந்த வாடகைத் தாய்முறை ஒழுங்குபடுத்தல் சட்டம் 2022 ஜனவரி 25இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பணம் கொடுத்துச் செய்யும் வாடகைத் தாய்முறை குற்றம். மருத்துவச் செலவும் காப்புறுதியும் தவிர வேறு கொடுப்பனவு கூடாது. தம்பதிகளில் இந்தியர்களுக்கும், தேசிய சபையின் அனுமதியுடன் இந்திய வம்சாவளியினருக்கும் மட்டுமே இடமுண்டு. மனைவிக்கு 23 முதல் 50, கணவனுக்கு 26 முதல் 55 என வயதெல்லை உண்டு. சுமக்கும் பெண் திருமணமாகி, சொந்தப் பிள்ளை உள்ள, 25 முதல் 35 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைக்கு மேல் சுமக்க முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சட்டம் அறிமுகமானது நடிகை நயன்தாரா, இயக்குநர் விக்னேஷ் சிவன் தம்பதிக்கு 2022 ஒக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோதுதான். தமிழ்நாடு சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, தம்பதி சட்டத்தை மீறவில்லை என்று அறிவித்தது. அவர்களது சிகிச்சையும் ஒப்பந்தமும் சட்டம் வருவதற்கு முன்பே ஆரம்பித்திருந்தன.

அந்த 'முன்பே' என்ற சொல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் வருவதற்கு முன் கருக்களை உறையவைத்து, சட்டம் வந்த பின் வயதெல்லையைத் தாண்டிவிட்ட தம்பதிகள் வழக்குத் தொடுத்தனர். 2025 ஒக்டோபர் 9ஆம் திகதி நீதியரசர்கள் பி.வி. நாகரத்னா, கே.வி. விஸ்வநாதன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். வாடகைத் தாய்முறையை நாடி முட்டையும் விந்தும் எடுத்துக் கருவை உருவாக்கி உறையவைத்த கட்டத்திலேயே நடைமுறை ஆரம்பமாகிவிட்டது. 2022 ஜனவரி 25க்கு முன் அந்தக் கட்டத்தை அடைந்தவர்களுக்குப் பின்னர் வந்த வயதெல்லை பொருந்தாது. இதுவே தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைக் காட்டி 'பழைய கரு என்றால் இந்தியாவில் செய்யலாம்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. தீர்ப்பு தளர்த்தியது வயதெல்லையை மட்டுமே. இலங்கைக் கடவுச்சீட்டுடன் போகும் தம்பதிக்கு அது எதையும் மாற்றவில்லை.

கருவை வெளியே எடுத்துச் செல்வது

அப்படியென்றால் கருவை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகலாமா? இந்தியாவின் இன்னொரு சட்டமான இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம், 2021, கருக்களை விற்பதையும் கைமாற்றுவதையும் தடை செய்கிறது. சொந்தக் கருவைச் சொந்தப் பாவனைக்காகக் கொண்டுபோக விரும்புபவர்களுக்கு மட்டும், தேசிய சபையின் அனுமதியுடன், விலக்கு உண்டு. வைத்தியசாலையின் கடிதம் மட்டும் போதாது. இதே சட்டம் கருவைப் பத்து வருடங்களுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதன்பின் அதனை அழியவிட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்துடன் ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். விஞ்ஞானம் முப்பது வருடம் தாங்கும் என்றாலும் சட்டம் தருவது பத்து வருடம்தான்.

அடுத்த விடயத்தை முகவர்கள் சொல்வதில்லை. 2015 ஒக்டோபர் 26இல் வெளியான இந்திய வெளிநாட்டு வர்த்தகப் பணிப்பாளர் நாயகத்தின் அறிவித்தல், ஆராய்ச்சித் தேவை தவிர்ந்த வேறெதற்கும் மனிதக் கருவை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. எனவே கொண்டுபோன நாட்டில் காரியம் நடக்காவிட்டால், கருவைத் திரும்பவும் சென்னைக்கு அனுப்பலாம் என்று எண்ணக் கூடாது. அது ஒருவழிப் பயணம்.

பயணத்துக்கென்று விசேட கொள்கலன்கள் உண்டு. திரவ நைதரசனை உட்சுவரில் உறிஞ்சவைத்து, அதன் ஆவியால் குளிரைப் பேணும். நல்ல நிலையில் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். பெறும் வைத்தியசாலை, கரு எந்த முறையில் உறையவைக்கப்பட்டது, எத்தனையாவது நாளில், எந்தக் குழாயில் எத்தனை உள்ளன என்ற ஆய்வுகூட அறிக்கையைக் கேட்கும். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனை முடிவுகளையும் கேட்கும். கணவன், மனைவி இருவரது எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும்.

எந்த நாட்டுக்கு?

வாடகைத் தாய்முறையில் நாடுகளின் பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. தாய்லாந்தில் ஓர் அவுஸ்திரேலியத் தம்பதிக்காகப் பிறந்த இரட்டையரில், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆண் குழந்தை சுமந்த தாயிடமே விடப்பட்ட விவகாரம் 2014இல் உலகை உலுக்கியது. அடுத்த வருடமே தாய்லாந்து வெளிநாட்டவருக்குத் தடை விதித்தது. நேபாளம் 2015 செப்டெம்பரில் தடை செய்தது. கம்போடியா 2016இல் தடை செய்தது. ரஷ்யா 2022 டிசெம்பரில் வெளிநாட்டவருக்கு மூடியது. இத்தாலி 2024 ஒக்டோபரில் ஒரு படி மேலே போய், தன் பிரஜைகள் வெளிநாட்டில் செய்வதையும் குற்றமாக்கியது.

உக்ரேனும் ஜோர்ஜியாவும் திருமணமான, கருவுடன் மரபணுத் தொடர்புள்ள தம்பதிகளை ஏற்றுக்கொண்ட நாடுகள். அங்கு பிறப்புப் பத்திரத்தில் கருவுக்குரிய தம்பதியின் பெயரே பெற்றோராக எழுதப்படும். சுமந்த பெண்ணின் பெயர் இராது. சட்டம் சாதகமாக இருந்தாலும் நிலைமை சாதகமாக இருக்கும் என்றில்லை. 2020 மே மாதத்தில், கொவிட் எல்லைகளை மூடியபோது, கீவ் நகர ஹோட்டல் ஒன்றில் டசின் கணக்கான பச்சிளங் குழந்தைகள் தொட்டில்களில் வரிசையாகப் பெற்றோருக்காகக் காத்திருந்தன. 2022 பெப்ரவரியில் யுத்தம் வந்தது. ஜோர்ஜிய அரசு வெளிநாட்டவருக்குத் தடை கொண்டுவரப் போவதாக 2023 ஜூனில் அறிவித்தது.

கரு காத்திருக்கும். நாடுகளின் சட்டம் காத்திருக்காது. கர்ப்பம் ஒன்பது மாதம் என்பதால், ஆரம்பிக்கும்போது இருந்த சட்டம் முடியும்போது இல்லாமல் போகலாம்.

பிள்ளை இலங்கைக்கு வரும்போது

இலங்கையில் வாடகைத் தாய்முறையை அனுமதிக்கும் சட்டமோ, தடை செய்யும் தனிச் சட்டமோ இல்லை. 'தடை இல்லை என்றால் செய்யலாம்தானே' என்பார்கள். ஆனால் பிள்ளை பிறந்தவுடன் வேறு சட்டங்கள் பேச ஆரம்பிக்கும்.

முதலாவது, பிரஜாவுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை வம்சாவளியால் இலங்கைப் பிரஜையாக, அதன் பிறப்பு ஒரு வருடத்துக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். பிந்தினால் அமைச்சரின் அனுமதி தேவை. 2003 வரை தந்தை இலங்கையராக இருப்பதே பிரதானம். அந்த வருடத்தின் 16ஆம் இலக்கத் திருத்தம் தாய் வழியாகவும் உரிமை கிடைக்க வழி செய்தது. ஆனால் 'தாய்' யார், 'தந்தை' யார் என்பதை இந்தச் சட்டம் வாடகைத் தாய்முறையை மனதில் வைத்து எழுதவில்லை. பிறப்புப் பத்திரத்தில் சுமந்த பெண்ணின் பெயர் எழுதப்படும் நாட்டில், அவர் திருமணமானவராக இருந்தால், அவரது கணவனே தந்தை எனக் கருதப்படும் சிக்கலும் வரலாம். சட்டபூர்வத் திருமணத்தின்போது பிறக்கும் பிள்ளை அக்கணவனுடையது என்ற அனுமானம் எமது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவிலும் இருக்கிறது.

இந்தச் சிக்கல் எப்படியிருக்கும் என்பதை 2008இல் இந்தியா பார்த்தது. ஜப்பானியத் தம்பதி ஒன்றுக்காகக் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு வாடகைத் தாய் சுமந்த குழந்தை, பிறப்பதற்கு முன்பே தம்பதி விவாகரத்துப் பெற்றுவிட்டனர். அந்தக் குழந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை, ஜப்பானியக் கடவுச்சீட்டும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பிறந்து மூன்று மாதங்களுக்குப் பின்னரே பாட்டியுடன் நாடு போக முடிந்தது.

இரண்டாவது, தண்டனைச் சட்டம். 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதையும், அதில் நடந்த மோசடிகளையும் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் 'ஸெம்ப்ளா' நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. அந்தக் காலத்தின் நினைவோடுதான் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், ஆட்களை விற்பதுடன் சேர்த்து, அதற்காகப் பிள்ளை பெற்றுத்தரப் பெண்களையோ தம்பதிகளையோ திரட்டுவதையும் பிறப்புப் பதிவைப் பொய்யாக்குவதையும் குற்றமாக்கியது. வாடகைத் தாய்முறையைக் குறித்து எழுதப்பட்டதல்ல அது. ஆனாலும் 'கொழும்பிலேயே ஒரு பெண்ணைப் பிடித்துத் தருகிறேன், பிறப்புப் பத்திரத்தில் உங்கட மனைவி பெத்ததாகவே எழுதிக்கொள்ளலாம்' என்று சொல்பவர் உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதை அது காட்டும்.

மார்க்கமும் குடியும்

எமது ஊர்களில் சட்டத்தரணியிடம் போவதற்கு முன் மௌலவியிடம் கேட்பார்கள். சுன்னி அறிஞர் சபைகளின் நிலைப்பாடு தெளிவானது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் சபை 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடியபோது, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் இணைந்து அதே மனைவியின் கருப்பையில் வைக்கப்படும் முறையை அனுமதித்தது. கரு அவர்களுடையதேயானாலும் வேறொரு பெண் சுமப்பதைத் தடை செய்தது. அதே கணவனின் இன்னொரு மனைவி சுமப்பதற்கு மக்காவிலுள்ள ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபை 1984இல் இடம் கொடுத்து, அடுத்த வருடமே அதனை வாபஸ் பெற்றது. 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் சபை, எஞ்சும் கருக்களை வேறு பெண்ணில் வைப்பதைத் தடுத்து, அவை இயல்பாக முடிவுற விடப்பட வேண்டும் என்றது. ஷீஆ உலகில் நிலைமை வேறு. ஈரானில் வாடகைத் தாய்முறை நடைமுறையில் உள்ளது. ஆகவே 'முஸ்லிம் நாடு ஒன்றிலேயே செய்கிறார்கள்' என்ற பேச்சு உண்மைதான், ஆனால் அது எமது மத்ஹபுக்கு விடையாகாது.

இதன் அடியில் இருக்கும் கேள்வி நஸப், அதாவது வம்சம். பெற்றெடுத்தவளே தாய் என்பதற்கு அறிஞர்கள் அல்-முஜாதலா அத்தியாயத்தின் இரண்டாவது வசனத்தை ஆதாரம் காட்டுவர். தாய் யார் என்பது வாரிசுரிமையையும், யாரை யார் மணக்கலாம் என்பதையும் தீர்மானிக்கும். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் மார்க்கச் சட்டத்தையே பின்பற்றுவதால், இது நீதிமன்றக் கேள்வியுமாகும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர முஸ்லிம்களுக்கு இன்னொன்றும் உண்டு. எமது 'குடி' தாய் வழியாக வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மரபணு உம்மாவுடையது, சுமந்தது முகம் தெரியாத ஒரு பெண் என்றால், அந்தப் பிள்ளை எந்தக் குடி? இன்று பலருக்கு இது சிறிய விடயம். கலியாணப் பேச்சு வரும்போது ஊர் மறந்திருக்காது.

சுமக்கும் பெண்

இவ்வளவு பேசிய பின்னும் அவளைப் பற்றிப் பேசாமல் முடித்துவிடுவது வழக்கம். 2024 செப்டெம்பரில் கம்போடியப் பொலிசார் ஒரு வீட்டில் 24 வெளிநாட்டுப் பெண்களைக் கண்டுபிடித்தனர். அவர்களில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த 13 கர்ப்பிணிகளுக்கு டிசெம்பரில் நான்கு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதில் இரண்டு வருடங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அரச மன்னிப்புக் கிடைத்த பின்னரே ஊர் திரும்பினர். சிறைத் தீர்ப்பு அந்தப் பெண்கள் மீதே விழுந்தது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண்களின் கதை எமது ஊர்களுக்குத் தெரியும். முகவர் காட்டும் ஒப்பந்தம் ஒன்று, அங்கு போனபின் இருப்பது இன்னொன்று. வாடகைத் தாயாகும் பெண்ணின் நிலையும் அப்படியே இருக்கக் கூடும். உயர் இரத்த அழுத்தம், சத்திரசிகிச்சைப் பிரசவம், இரத்தப்போக்கு எல்லாம் அவள் உடலில்தான் நடக்கும். எமது வீட்டில் ஒரு பெண் பிரசவத்தில் கருப்பையை இழந்ததால்தான் இந்தப் பயணமே ஆரம்பித்தது என்றால், அதே ஆபத்தை இன்னொரு பெண்ணிடம் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

முடிவெடுக்கும் முன்

கேள்விகளைக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பதே பாதுகாப்பு. முதலில், நாடு எது என்று தீர்மானிப்பதற்கும் முன்பே, ஒரு குடும்பச் சட்டத்தரணியிடமும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடமும், அந்நாட்டுப் பிறப்புப் பத்திரத்துடன் பிள்ளையைப் பதிவு செய்ய முடியுமா, என்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டாவது, அந்நாட்டுச் சட்டம் இலங்கையருக்கு இன்று இடம் தருகிறதா என்பதை முகவர் அல்லாத, அந்நாட்டிலேயே உள்ள சட்டத்தரணி ஒருவரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது, கணவன் இறந்தால், விவாகரத்து நடந்தால், பிள்ளை குறைபாட்டுடன் பிறந்தால், இரட்டைக் கர்ப்பமானால், சுமக்கும் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன நடக்கும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நான்காவது, மார்க்கத் தீர்ப்பை முதலிலேயே கேளுங்கள். பிள்ளை வந்தபின் கேட்டால் அதன் சுமை பிள்ளையின் மேல் விழும். இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பின்னரே கருவை அசைக்க வேண்டும்.

எதற்கும் விடை கிடைக்காவிட்டால், கருவை அழியவிடுவதும் ஒரு முடிவுதான். அது இழப்பு. அதற்காக அழுவதில் வெட்கமில்லை. சகோதரியின் பிள்ளையையோ உறவின் பிள்ளையையோ, பெற்றோரின் பெயரை மறைக்காமல், எடுத்து வளர்த்த வீடுகள் எமது ஊரில் ஏற்கனவே இருக்கின்றன.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை நிலையங்கள் இயங்கும் நாட்டில் கருவைச் சேமிப்பது, கொண்டுவருவது, சுமப்பது, பிள்ளையைப் பதிவது பற்றிய சட்டம் இல்லாதிருப்பது முகவர்களுக்கு மட்டுமே வசதி. அனுமதிப்பதா, தடுப்பதா என்பது விவாதிக்க வேண்டிய விடயம். எது செய்தாலும், ஏற்கனவே பிறந்துவிட்ட பிள்ளைக்கு ஒரு பெயரும், ஒரு நாடும், உம்மா என்று அழைக்கச் சட்டம் ஏற்கும் ஒருவரும் இருக்க வேண்டும் என்பதில் விவாதம் தேவையில்லை.